சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து: போனில் எதைப் போடுவது, எதைக் கொழும்பிலேயே முடிப்பது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையிலிருந்து ஒரு குடும்பம், அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு, டிசம்பர் லீவில் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்கொக் மூன்றையும் ஒரே சுற்றில் பார்க்கப் போகிறது. யாரோ வட்ஸ்அப்பில் முப்பது செயலி கொண்ட ஒரு லிஸ்டை அனுப்பியிருக்கிறார்கள், அதில் எதைப் போடுவது, எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கொழும்பில் டிக்கெட் போடும் வேலையில் இருப்பவன். போன இடத்தில் ஆட்கள் மாட்டிக்கொண்டால் ராத்திரியில் எனக்குத்தான் அழைப்பு வரும், அதனால் எங்கே இடறுகிறது என்று ஓரளவு தெரியும்.

அந்த லிஸ்டில் பாதிக்கு மேல் தேவையில்லை, ஏழெட்டு போதும். எதைப் போட்டாலும் அதைக் கட்டுநாயக்கவுக்குப் போகிற முன்னமே திறந்து, பதிவு செய்து, கார்டையும் சேர்த்து முடித்திருக்க வேண்டும். ஏனென்றால் எந்தச் செயலியானாலும் கடைசியில் ஒரு ஓடிபியில், அதாவது எஸ்எம்எஸ்ஸில் வரும் ஒருதடவை எண்ணில், வந்து நிற்கும். அந்த ஓடிபி வரப்போவது உங்கள் இலங்கை நம்பருக்கு. சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, அங்கே வாங்கிய புது சிம்மைப் போட்டுவிட்டு, பழைய சிம்மைக் கழற்றிப் பர்ஸுக்குள் வைத்துவிட்டு, அப்புறம் வாடகை வண்டி கூப்பிடும் கிராப் செயலியில் வங்கிக் கார்டைச் சேர்க்கப் பார்த்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வங்கி ஓடிபியை அனுப்பிக்கொண்டே இருக்கும், அது வந்து சேர வேண்டிய சிம் பர்ஸுக்குள் கிடக்கும்.

ஆகவே முதல் வேலை சிம். உங்கள் போன் இசிம், அதாவது துண்டு எதுவும் போடாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் சிம், ஏற்கிறதா என்று பாருங்கள்: *#06# அடித்தால் ஐஎம்ஈஐ நம்பர்களோடு ஈஐடி என்று ஒரு நீளமான நம்பரும் வந்தால் பெரும்பாலும் ஏற்கும். ஐபோனில் 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆரிலிருந்து உண்டு. ஆனால் லிபர்ட்டி பிளாசா பக்கம் வாங்கியதோ, வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவந்து தந்ததோ என்றால் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. சீனச் சந்தைக்கென்று செய்த ஐபோன்களில் பெரும்பாலும் இசிம் இருக்காது, சில போன்கள் ஏதாவது ஒரு வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி லொக் செய்யப்பட்டிருக்கும். ஏற்கும் என்றால் ஐராலோ மாதிரி ஒரு செயலியில் மூன்று நாட்டுக்கும் சேர்ந்த டேட்டா பேக்கேஜ் வாங்கலாம். இவற்றில் பெரும்பாலானவை டேட்டா மட்டும்தான் தரும், அந்த ஊர் நம்பர் கிடைக்காது. அது நமக்குக் குறையே இல்லை, இலங்கை நம்பர் உள்ளே அப்படியே இருக்கும், அதுதான் வேண்டும். வீட்டு வைஃபையிலேயே இசிம்மை ஏற்றிவிடுங்கள். ஆனால் பேக்கேஜின் நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது என்பதை வாங்கும்போதே வாசித்துக்கொள்ளுங்கள், சிலது அந்த ஊர் நெட்வேர்க்கைப் பிடித்த பிறகுதான் தொடங்கும், சிலது ஏற்றிய உடனேயே. இன்னொன்று, வேலை செய்யவில்லை என்ற எரிச்சலில் இசிம்மை அழித்துவிடாதீர்கள், பலதை ஒரு தடவைதான் ஏற்றலாம்.

இலங்கை சிம்மில் ரோமிங் இயக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் டேட்டா ரோமிங் நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. முதலாவது எஸ்எம்எஸ் வருவதற்கு, இரண்டாவது இயங்கினால் காசு கரையும். ப்ரீபெய்ட் என்றால் புறப்படுவதற்கு முதல் நாளே உங்கள் நிறுவனத்தின் செயலியிலோ ஹொட்லைனிலோ ரோமிங்கைப் போடச் சொல்லி, கொஞ்சம் ரீலோடும் செய்துவிடுங்கள். வருகிற எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் காசு இல்லை, வருகிற அழைப்பை எடுத்தால் காசு. அம்மா அப்பாவுக்கு இதை இரண்டு தடவை சொல்லுங்கள், அவர்கள் பழக்கத்தில் எடுத்து "நாங்கள் இப்ப சிங்கப்பூரில்" என்று ஆறுதலாகக் கதைப்பார்கள். ஐபோனில் செட்டிங்ஸில் டேட்டாவை ஒரு சிம்மிலிருந்து மற்றதற்குத் தானாக மாற்றும் ஒரு பட்டன் இருக்கிறது, அதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இசிம்மில் சிக்னல் குறைகிறபோது சத்தமில்லாமல் இலங்கை சிம்முக்குத் தாவப் பார்க்கும்.

வட்ஸ்அப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். புது சிம் போட்டாலும் பழைய நம்பரிலேயே ஓடும். நம்பரை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது வருகை அட்டை, நாட்டுக்குள் நுழைகிறவர் தன் விவரத்தைக் குடிவரவுக்கு நிரப்பிக் கொடுப்பது. லிஸ்ட் போடுகிறவர்கள் இதை எழுதுவதே இல்லை, ஆனால் இது இல்லாவிட்டால் கவுண்டரில் நிற்க வேண்டிவரும். மூன்று நாடும் இப்போது இணையத்தில் நிரப்பச் சொல்கின்றன: சிங்கப்பூரின் எஸ்ஜி அரைவல் கார்ட், மலேசியாவின் எம்டிஏசி, 2025 மே 1இலிருந்து தாய்லாந்தின் டிடிஏசி. போய்ச் சேருவதற்கு முன் மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், ஒரு மாதம் முன்னமே உட்கார்ந்தால் நடக்காது. மூன்றும் இலவசம். இதைத் தேடுகிறபோது கூகுளில் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம், கொடியும் சின்னமும் போட்டு அரசாங்கத் தளம் மாதிரியே இருக்கும், பெயர், கடவுச்சீட்டு நம்பர் எல்லாம் வாங்கிக்கொண்டு கடைசிப் பக்கத்தில் டொலரில் காசு கேட்கும். காசு கேட்டால் மூடிவிட்டு வெளியே வாருங்கள். முகவரியின் முடிவைப் பாருங்கள்: சிங்கப்பூருக்கு கவ் டாட் எஸ்ஜி, மலேசியாவுக்கு கவ் டாட் எம்வை, தாய்லாந்துக்கு கோ டாட் டிஎச். சிங்கப்பூருக்கு மைஐசிஏ மொபைல் என்று குடிவரவுத் திணைக்களத்தின் சொந்தச் செயலி இருக்கிறது, அதிலும் நிரப்பலாம். ஆளுக்கு ஒன்று வேண்டும், அப்பாவுக்கும் சேர்த்து நானே போட்டுவிட்டேன் என்பது அவருடைய விவரத்தை வேறாக நிரப்பியிருந்தால்தான் சரி. உங்கள் சுற்று மாதிரி ஒன்றில் திரும்பி வரும்போது சிங்கப்பூருக்குள் மறுபடி நுழைவதாக இருந்தால் மறுபடி ஒன்று நிரப்ப வேண்டும், குடிவரவைத் தாண்டாமல் விமானம் மட்டும் மாறினால் தேவையில்லை. நிரப்பியதும் வருகிற மின்னஞ்சலையும் க்யூஆரையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துக்கொள்ளுங்கள், வரிசையில் நிற்கும்போது நெட்டை நம்பவேண்டாம்.

சரி, வாகனம். பிக்மீயும் ஊபரும் பழகிய கைக்கு அங்கே ஒரு சின்ன அதிர்ச்சி இருக்கும்: இந்த மூன்று நாட்டிலும் ஊபர் இல்லை. 2018 மார்ச்சில் தென்கிழக்கு ஆசிய வியாபாரத்தை கிராப்புக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். கிராப் 2012இல் மலேசியாவில் மைடெக்ஸி என்ற பெயரில் தொடங்கியது, இப்போது மூன்று நாட்டுக்கும் ஒரே செயலி, ஒரே கணக்கு போதும். கொழும்பிலிருந்தே இலங்கை நம்பரில் பதிவு செய்து கார்டையும் சேர்த்துவிடுங்கள். காசாகவும் கொடுக்கலாம் என்றாலும் இறங்கிய முதல் அரைமணி நேரத்தில் சில்லறை இருக்காது. மலேசியாவில் டோல் காசு கட்டணத்தோடு சேரும், அதைப் பார்த்து டிரைவர் ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போகவேண்டாம். விமான நிலையங்களில் எந்தக் கதவு, எந்தத் தளம் என்று செயலியே காட்டும், அந்தக் கதவுக்குப் போய் நின்றபின் வண்டியைக் கூப்பிடுங்கள், சாமான் தள்ளிக்கொண்டு நாலு பேரும் வந்து சேருவதற்குள் வண்டி வந்து காத்திருந்து, அதற்கும் காசு ஏறும். பாங்கொக்கில் போல்ட் என்பதும் ஓடுகிறது, பல நேரம் மலிவு, இரண்டிலும் விலையைப் பார்த்துவிட்டு ஏறலாம். ஆனால் மாலை நேரத்து பாங்கொக் டிராஃபிக்கில் எந்தச் செயலியாலும் உங்களைக் காப்பாற்ற முடியாது, அப்போது ரயில்தான்.

ரயிலுக்குத் தனிச் செயலி எதுவும் வேண்டாம், கூகுள் மேப்பே மூன்று நகரத்திலும் எந்தப் பாதை, எங்கே மாறுவது, எந்த வாசலால் வெளியே வருவது என்று ஒழுங்காகச் சொல்கிறது. சிங்கப்பூரில் டிக்கெட்டே எடுக்க வேண்டியதில்லை, விசா அல்லது மாஸ்டர் கார்டில் தட்டிப் பணம் செலுத்தும் அந்தச் சின்ன அலைக்குறி இருந்தால் எம்ஆர்டி ரயிலிலும் பஸ்ஸிலும் அதையே தட்டிவிட்டுப் போகலாம். வெளிநாட்டுக் கார்ட் என்றால் பாவிக்கிற ஒவ்வொரு நாளுக்கும் 60 சென்ட் கட்டணம் சேரும். ஆனால் ஒரு கார்ட் ஒரு ஆளுக்குத்தான், அதே கார்டை நாலு தடவை தட்டி நாலு பேரையும் உள்ளே விட முடியாது. உள்ளே போன கார்டையேதான் வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். அம்மா அப்பாவிடம் வேறு கார்ட் இல்லையென்றால் ஸ்டேஷனில் காசு ஏற்றித் தட்டும் ஈசிலிங்க் கார்ட் இரண்டு வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள். பாங்கொக்கில் நிலத்துக்குக் கீழே ஓடும் எம்ஆர்டியில் கார்டைத் தட்டலாம், மேலே தூண்களில் ஓடும் பிடிஎஸ் வேறு நிறுவனம், அதற்கு டிக்கெட் வேறு. கோலாலம்பூரில் பத்துமலைக்கு கேஎல் சென்ட்ரலிலிருந்து கேடிஎம் கொம்யூட்டர் ரயில் நேராகக் குகை வாசலுக்கே போகிறது, அதற்கு டூர் பஸ் எடுக்காதீர்கள். 272 படிகள் ஏறவேண்டும், அப்பாவின் முழங்காலைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கூகுள் மேப்பைப் பற்றி ஒன்றைப் பலர் தவறாக விளங்கிவைத்திருக்கிறார்கள். வரைபடத்தை ஆஃப்லைனாக இறக்கிவைத்தால் எல்லாம் வேலை செய்யும் என்று நினைக்கிறார்கள். நெட் இல்லாதபோது அது கார் ஓட்டும் பாதையை மட்டும்தான் காட்டும், நடக்கிற பாதையும் பஸ் ரயில் விவரமும் வராது. நீங்கள் அங்கே கார் ஓட்டப் போவதில்லையே. அதனால் ஓர்கானிக் மேப்ஸ் என்று ஒன்றையும் போட்டு, மூன்று நகரத்தின் வரைபடத்தையும் வீட்டில் இறக்கிவிடுங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடுவது, விளம்பரம் இல்லை, நெட் இல்லாமலே நடைபாதை காட்டும். ஜிபிஎஸ்ஸுக்கு நெட் தேவையில்லை என்பதால் நீலப்புள்ளி எப்போதும் நகரும். கடை, உணவகம், திறக்கும் நேரம் பார்க்க மட்டும் கூகுள். போகிற இடங்களை, அதாவது ஹோட்டல், சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயில், முஸ்தபா சென்டர், பாங்கொக் சீலோம் மாரியம்மன் கோயில் இவற்றையெல்லாம் முன்கூட்டியே சேவ் செய்து அந்த லிஸ்டைக் குடும்பத்தில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டால், வழியில் நின்று ஆங்கிலத்தில் டைப் அடிக்கும் வேலை மிச்சம்.

காசு விஷயம். நாணய மாற்றத்துக்கு எக்ஸ்ஈ போதும், கடைசியாகப் பார்த்த விகிதத்தை நெட் இல்லாமலும் வைத்திருக்கும். ஆனால் உண்மையில் முக்கியமானது உங்கள் வங்கியின் செயலி. வெளிநாட்டுப் பாவனைக்கு கார்டைத் திறந்துவிட்டீர்களா என்று அதில் பாருங்கள், பல வங்கிகள் அதைப் பூட்டியே வைத்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை இரவு பாங்கொக்கிலிருந்து கோல் சென்டருக்கு அடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. அப்புறம் கடை மெஷினிலோ ஏடிஎம்மிலோ சில நேரம் இரண்டு தொகை வரும்: மேலே 1,850 பாட் என்று ஒன்று, கீழே அதையே ரூபாயிலோ டொலரிலோ மாற்றி இன்னொன்று, எது வேண்டும் என்று கேட்கும். நமக்குப் பழகிய நாணயத்தைப் பார்த்ததும் விரல் தானாக அதற்குத்தான் போகும். அது அந்த மெஷின்காரர் போட்ட விகிதம், பொதுவாக நட்டம். எப்போதும் அந்த ஊர் நாணயத்தையே அமத்துங்கள். தாய்லாந்து ஏடிஎம்களில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் அறவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காமல் ஒரேயடியாக எடுங்கள். அங்கே தெருக்கடைகளில் க்யூஆர் ஒட்டியிருக்கும், அது பெரும்பாலும் தாய் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு, நமக்குக் கைக்காசுதான்.

மொழிபெயர்ப்புக்கு கூகுள் டிரான்ஸ்லேட். சிங்கப்பூரில் தமிழே அரச மொழிகளில் ஒன்று, மலேசியாவில் ஆங்கிலம் தாராளம், ஆகவே இது தாய்லாந்துக்கு மட்டும்தான். தாய் மொழியை ஆஃப்லைனாக இறக்கிவைத்துவிட்டு, சாப்பாட்டுக் கடை மெனுவுக்கு மேல் கமெராவைப் பிடித்தால் எழுத்து மாறித் தெரியும். பேசுவதற்கு, தமிழில் நீட்டி முழக்குவதைவிட ஆங்கிலத்தில் நாலு சொல்லில் சின்ன வாக்கியமாகக் கொடுத்தால் தாயில் ஒழுங்காக வருகிறது. அம்மா சைவம் என்றால் "மீன் சோஸ் வேண்டாம், இறால் வேண்டாம், முட்டை வேண்டாம்" என்று ஒரு வாக்கியத்தை மாற்றி, ஹோட்டல் வரவேற்பில் இருப்பவரிடம் காட்டிச் சரியா என்று கேட்டு, ஸ்கிரீன்ஷொட்டாக வைத்துவிடுங்கள். வெறுமனே இறைச்சி வேண்டாம் என்றால் மீன் சோஸோடுதான் வரும். சைவக் கடை தேட ஹாப்பிகவ் என்ற செயலி நல்லது, பாங்கொக்கில் ஏராளமாகக் காட்டும். ஹலால் பார்ப்பவர்களுக்கு முஸ்லிம் ப்ரோ இருக்கிறது, தொழுகை நேரமும் கிப்லாவும் சேர்த்து.

பார்க்கும் இடங்களின் டிக்கெட்டுக்கு க்ளூக், விமானத்துக்கு அந்தந்த விமான நிறுவனத்தின் செயலி, ஹோட்டலை எதில் போட்டீர்களோ அது. போனில் ஏற்கெனவே இருப்பவற்றைக் கழித்தால் புதிதாகப் போடுவது ஏழெட்டுக்குப் பக்கத்தில்தான் வரும். செலவைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்வைஸ் எல்லாம் நண்பர்களோடு போகிறவர்களுக்கு. அம்மா அப்பாவோடு போகிறபோது யார் கணக்குப் பார்க்கிறது?

அம்மா அப்பாவின் போனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் புதுச் செயலி ஒன்றுமே போடாதீர்கள். வட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷன் 8 மணித்தியாலம் வரை அனுப்பலாம், காலையில் ஹோட்டலை விட்டு வெளிக்கிடும்போது இரண்டு பேர் போனிலும் அதை நீங்களே தட்டிவிடுங்கள். அதற்கு அவர்கள் போனிலும் நெட் வேண்டும், ஆகவே ஹொட்ஸ்பொட்டை நம்பாமல் ஒருவருக்காவது இசிம் போட்டுவிடுங்கள், முஸ்தபாவில் இரண்டாம் தளத்துக்கும் அடித்தளத்துக்கும் இடையில் ஹொட்ஸ்பொட் பிடிக்காது. ஹோட்டலின் விசிட்டிங் கார்டைப் படமெடுத்து அவர்கள் போனின் லொக் திரையிலேயே வைக்கலாம், தாய் எழுத்தில் முகவரி இருக்கிற பக்கத்தை. கார்டின் பிரதி ஒன்று அப்பாவின் சட்டைப் பையிலும் இருக்கட்டும். அவசர எண்கள்: சிங்கப்பூரில் பொலிஸ் 999, அம்புலன்ஸ் 995, மலேசியாவில் இரண்டுக்கும் 999, தாய்லாந்தில் சுற்றுலாப் பொலிஸ் 1155.

போன் தொலைந்தால் என்ன செய்வது என்றும் ஒரு நிமிஷம் யோசியுங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் பேக்கப் கோட் என்று, போன் கையில் இல்லாதபோதும் கணக்குக்குள் நுழைய உதவும் பத்து எண்கள் எடுக்கலாம். அதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள், போனிலேயே ஸ்கிரீன்ஷொட்டாக வைத்தால் போனோடு போய்விடும். கடவுச்சீட்டின் படத்தைக் குடும்பத்தில் இன்னொருவர் போனிலும் மின்னஞ்சலிலும் வையுங்கள். தொலைந்த போனைத் தேடும் ஃபைன்ட் மை இயங்குகிறதா என்று இங்கேயே சோதித்துப் பாருங்கள்.

சார்ஜ். பவர் பேங்க் கைப்பையில்தான், பெட்டிக்குள் போட்டு செக்கின் செய்ய விடமாட்டார்கள். 100 வாட்மணி வரை பொதுவாகக் கேள்வியில்லை, 10,000 எம்ஏஎச் என்பது 37 வாட்மணிதான், 20,000 என்றால் 74. ஆனால் விமானத்துக்குள் அதைப் பாவிக்கப் பல நிறுவனங்கள் இப்போது விடுவதில்லை, சிங்கப்பூர் எயர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1இலிருந்து நிறுத்திவிட்டது. ஆகவே இறங்கும்போது போனில் சார்ஜ் இருக்கிற மாதிரி வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள், வருகை அட்டையும் கிராப்பும் அதற்குள்தானே. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம்முடைய 13 ஆம்ப் சதுர முள் பிளக்கே போகும், தாய்லாந்தில் போகாது, அதற்கு ஒரு அடப்டர்.

கேள்வியின் கடைசியில் அடுத்த வருஷம் சென்னை, மதுரை போவதாகவும் அதற்கும் இதே செயலிகள் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். போதாது, அங்கே கதை வேறு. கிராப் இல்லை, ஊபர் இருக்கிறது, உங்கள் கொழும்புக் கணக்கே ஓடும். தேநீர்க் கடை வரைக்கும் போனிலேயே காசு கட்டும் யூபிஐ, அது பொதுவாக இந்திய வங்கிக் கணக்கோடு பிணைந்தது, ஆகவே சில்லறைத்தாள் நிறைய வைத்திருங்கள். பல இந்தியச் செயலிகள் இந்திய நம்பருக்குத்தான் ஓடிபி அனுப்புகின்றன, வெளிநாட்டவருக்கு சிம் இயங்கத் தொடங்கவும் நேரமெடுக்கும், சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவர்கள் மூலம் ரயில் டிக்கெட் போடுவதுதான் சுலபம். ஒன்றை மட்டும் இப்போதே இறக்கிவையுங்கள்: வேர் இஸ் மை டிரெயின். 2018இலிருந்து கூகுளின் கையில் இருக்கிறது. ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்துச் செல்போன் கோபுரங்களை வைத்தே நெட்டும் ஜிபிஎஸ்ஸும் இல்லாமல் எந்த ஸ்டேஷன் தாண்டியிருக்கிறது என்று சொல்லும். இரவு வண்டியில் மதுரைக்குப் போகிறபோது திண்டுக்கல் வந்ததும் எழுப்ப அலாரமும் வைக்கலாம்.